கேளாமல் வந்து சேரும் சார்புகள்

ஆய்வு மென்பொருளை எழுதி வெளியிடுவோர் பலரிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எல்லாக் கணினிகளும் தங்கள் ஆய்வகக் கணினியைப் போன்றவை. எல்லா இணைப்புகளும் தங்கள் வளாக இணைப்பைப் போன்றவை. ஆகவே தங்களிடம் இயங்கியது எங்கும் இயங்கும் என்பதே அது. இந்நம்பிக்கையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மென்பொருளைக் கட்டும் கோப்பில் வரிக்கு வரி அது எழுதப்பட்டிருக்கிறது. எந்த நிரலகம் கட்டாயம், எது விருப்பம் என்ற பாகுபாடே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கிவைப்பதும், பயனர் கேளாமலேயே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதும், கிடைத்தால் சேர்த்துக் கிடைக்காவிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவதும் அந்நம்பிக்கையின் மூன்று வடிவங்கள்.

இது கணிப்பொறியாளர்களின் உட்பூசல் என்று மொழியியல், மானிடவியல், வரலாற்றுத் துறையினர் ஒதுங்கிவிட முடியாது. ஒலிப்பதிவை எழுத்தாக்குவதும், பழைய அச்சுநூலை எழுத்துணரியால் படிப்பதும், தரவகத்தைக் குறியிடுவதும் இன்று மென்பொருளின் வழியாகவே நடக்கின்றன. ஒரு கருவி ஓர் இடத்தில் கட்டப்பட முடியாமல் போனால் அவ்விடத்து ஆய்வும் நின்றுபோகும். அந்த இடம் எது என்பதை அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து பார்த்தால் தெளிவாகக் காணலாம்.

தீவும் கம்பியும்

2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் ஒரு கடலடிக் கம்பித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது செயற்பாட்டுக்கு வந்தது. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் அக்கம்பியின் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரையும், அதற்கு அப்பால் சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய ஏழு இடங்களையும் அது தொடுகிறது. அதற்கு முன்புவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி எனப் பல மொழிகள் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர்கள் அங்கே உள்ளன. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா உள்ளது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகமும், இந்திய மானிடவியல் அளவைத்துறையின் வட்டார மையமும் உள்ளன. ஆக, ஆய்வு செய்யும் மனிதர்களும் உண்டு. ஆய்வுக்குரிய பொருளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கருவிகள் எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. தீவுத் தமிழரின் பேச்சைப் பதிவுசெய்து முதற்கட்ட எழுத்தாக்கம் பெற விரும்பும் ஒரு மாணவர், ‘விஸ்பர்’ என்ற பேச்சுணர் மென்பொருளை நாடுகிறார் என்க. அதன் பைத்தான் வடிவம் ‘பைடார்ச்’ நிரலகத்தைச் சார்ந்தது. லினக்ஸ் மடிக்கணினியில் வழக்கமான ஒற்றை வரிக் கட்டளையை இட்டால் பைடார்ச்சுடன் என்விடியா வரைகலைச் செயலிக்கு வேண்டிய நிரலகங்கள் அனைத்தும் இறங்கத் தொடங்கும். அவற்றின் மொத்த அளவு இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டும். அந்த மடிக்கணினியில் என்விடியா செயலி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இல்லாத ஒரு செயலிக்காக இரண்டு ஜிகாபைட். செயலி இல்லாதோருக்கான வடிவம் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். ஆனால் அதைப் பெறக் கட்டளை வரியில் வேறொரு களஞ்சிய முகவரியைத் தனியே சேர்க்க வேண்டும். தெரிந்தவர் சேர்ப்பார்; தெரியாதவர் காத்திருப்பார்.

எவ்வளவு நேரம்? நொடிக்கு 2 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தால் இரண்டு ஜிகாபைட் இறங்க இரண்டேகால் மணி நேரம். வேகம் 256 கிலோபிட்டாகக் குறைந்தால் பதினேழு மணி நேரத்துக்கு மேல். அதே மெல்லிய இணைப்பில் 200 மெகாபைட் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் இணைப்பு ஒருமுறை அறுந்தால், பாதியில் நின்ற கோப்பு பல வேளைகளில் முதலிலிருந்து தொடங்கும். வேகமான வளாகத்தில் மூன்று நிமிடத்துக்கும் அரை நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. அங்கே உறைக்காதது இங்கே ஒரு நாள் வேலையை விழுங்குகிறது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அதே விஸ்பர் மாதிரியை இயக்க ஜியார்ஜி ஜெர்கானொவ் தொடங்கிய சி++ வடிவம் வெளிச் சார்பு ஏதுமின்றிக் கட்டப்படக்கூடியது. வரைகலைச் செயலி வேண்டுவோர் அதற்குரிய சாவியைக் கட்டளை வரியில் திறக்கிறார்கள். கணித நிரலகம் வேண்டுவோர் வேறொரு சாவியையும், கூடுதல் ஒலிக்கோப்பு வகைகளைப் படிக்க விரும்புவோர் இன்னொன்றையும் திறக்கிறார்கள். கேட்டது மட்டும் வருகிறது. இரண்டு வடிவங்களும் இயக்குவது ஒரே மாதிரியைத்தான். வேறுபாடு எழுதியவரின் மனப்பாங்கில் இருக்கிறது. ஒருவர் பயனரிடம் கேட்கிறார். மற்றவர் ஊகித்துக்கொள்கிறார்.

இலக்கணத்தில் சார்பு

சார்பு என்ற சொல் தமிழ் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது, சார்பெழுத்து மூன்று என்று பகுத்தார். நன்னூலார் சார்பெழுத்தைப் பத்தாக விரித்தார். எண்ணிக்கையில் இருவரும் வேறுபட்டாலும் முறையில் வேறுபடவில்லை. எந்தச் சார்பெழுத்தும் நிபந்தனையின்றி வருவதில்லை. அந்நிபந்தனையும் மறைவாக இருப்பதில்லை. ஆய்தம் வர வேண்டுமானால் முன்னே குறிலும் பின்னே வல்லின உயிர்மெய்யும் நிற்க வேண்டும்: அஃது, எஃகு. குற்றியலுகரத்தை அடுத்து யகரம் வந்தால் அது குற்றியலிகரமாகத் திரியும்: நாடு, யாது என்பன சேர்ந்து நாடியாது ஆகும். எது எதைச் சார்ந்து எப்போது வரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது இலக்கணம் ஆகாது.

தற்கால மொழியியலும் இதே பகுப்பைத் தொடரமைப்பில் செய்கிறது. ஒரு வினை கட்டாயமாக வேண்டி நிற்கும் பெயர்கள் ஒரு வகை. இருந்தால் பொருள் விரியும், இல்லாவிட்டாலும் தொடர் குறைபடாது என்னும் அடைகள் மற்றொரு வகை. ‘வைத்தான்’ என்ற வினைக்கு எதை, எங்கே என்ற இரண்டும் வேண்டும். ‘நேற்று’ இல்லாமல் தொடர் நிற்கும். பெரிய அந்தமானீஸ் மொழியில் உடலுறுப்புப் பெயர்கள் உடைமை ஒட்டின்றித் தனித்து நிற்க இயலாதவை. உடலின் எப்பகுதியைச் சார்ந்தது என்பதற்கேற்ப ஒட்டுகள் வகைப்படுகின்றன. அன்விதா அப்பி 2013இல் வெளியிட்ட இலக்கணத்தின் மையக் கண்டுபிடிப்பே இந்தக் கட்டாயச் சார்பின் ஒழுங்குதான். கட்டாயம் எது, விருப்பம் எது என்று ஒரு மொழியை விளக்கத் தெரிந்த துறை, தன் மென்பொருளில் அந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிடுவது விந்தை.

கருவிகள் குறைவில்லை

இப்பகுப்பைச் செய்ய வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டேவிட் மெக்கன்சி 1991இல் தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ கருவியிலேயே ‘வித்’, ‘வித்தவுட்’ என்ற சொற்களால் ஒரு நிரலகத்தை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கட்டளை வரியில் சொல்லும் மரபு நிலைபெற்றுவிட்டது. ‘சிமேக்’ கருவியில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு மாறியின் பெயரும் மதிப்பும் தரப்படுகின்றன. ‘மெசான்’ ஒவ்வொரு விருப்ப வசதிக்கும் மூன்று நிலைகளை வைத்திருக்கிறது: இயக்கப்பட்டது, முடக்கப்பட்டது, தானியங்கு. ஜாவா உலகின் ‘மேவன்’ கட்டளை வரியில் தரப்படும் பண்பைக் கொண்டு ஒரு தனிவடிவத்தை உயிர்ப்பித்து அதற்குரிய சார்புகளைச் சேர்த்துக்கொள்கிறது. ரஸ்ட் மொழியின் ‘கார்கோ’ முன்னிருப்பு வசதிகளை ஒரே சொல்லால் முடக்க இடம் தருகிறது. பைத்தானில் கூடுதல் சார்புகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் கேட்டுப் பெறலாம். ஜென்டூ லினக்ஸ் ஓர் இயங்குதளம் முழுவதையுமே இத்தகைய கொடிகளின் மீது எழுப்பியிருக்கிறது.

ஆகவே குறை கருவியில் இல்லை. சாவிகளை வைக்காமல் விடுவதிலும், வைத்த சாவிகளைத் ‘தானியங்கு’ நிலையில் விட்டுவிடுவதிலும் இருக்கிறது. முதலாவது சோம்பல், இரண்டாவது அதனினும் கேடானது.

தானியங்கு என்னும் மாயை

தானியங்கு நிலை கேட்க இனிமையானது. கட்டும்போது கருவி கணினியைத் துழாவிப் பார்க்கும். நிரலகம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அவ்வசதியைச் சத்தமின்றி விட்டுவிடும். பிழைச்செய்தி இல்லை, தடை இல்லை, புகாரும் இல்லை. ஆனால் விளைவு என்ன? ஒரே மூலநிரல், ஒரே கட்டளை, இரண்டு கணினிகள், இரண்டு வேறு நிரல்கள். சென்னையில் கட்டப்பட்டதில் இருக்கும் வசதி கேம்பல் பேயில் கட்டப்பட்டதில் இல்லை; அது இல்லை என்பதும் தெரியாது.

எழுத்துணரியான ‘டெசராக்ட்’ தமிழ் நூல்களை எண்மமாக்குவோர் பலர் அறிந்த கருவி. இணைய முகவரியிலிருந்து நேரடியாகப் படத்தைப் பெற உதவும் ‘கர்ல்’ நிரலகமும், சுருக்கக் கோப்புகளைப் படிக்க உதவும் இன்னொரு நிரலகமும் அதில் விருப்பச் சார்புகள். கட்டுவோர் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டும் ‘இருக்கிறதா என்று பார்’ என்ற நிலையில் நிற்கும். ஒருவரின் டெசராக்ட் இணையத்தோடு பேசும், அடுத்தவருடையது பேசாது. இருவரும் ஆய்வேட்டில் எழுதுவது ஒரே பதிப்பு எண்ணைத்தான்.

மெசானில் இன்னொரு படியும் உண்டு. கேட்ட நிரலகம் கணினியில் இல்லாவிட்டால், திட்டத்தில் அதற்கான குறிப்பு இருந்தால், அதன் மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி உடன் கட்டிவிடும். தமிழ் உள்ளிட்ட எழுத்துகளைத் திரையில் சரியாக வடிவமைக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ நிரலகம் மெசானால் கட்டப்படுவது. பதிவிறக்காதே என்று தடுக்கவும் கட்டளை வரியில் வழியிருக்கிறது. அதை அறிந்து இடுபவர் எத்தனை பேர்?

தானியங்குச் சோதனை எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதை 2024 மார்ச் 29 உலகுக்குக் காட்டியது. ‘எக்ஸ்இசட்’ என்னும் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அன்று வெளியிட்டார். தொலை நுழைவு அரைநொடி தாமதமானதை அவர் கவனித்ததே அதற்குத் தொடக்கம். அந்நிகழ்வில் இரண்டு செய்திகள் சார்பைப் பற்றியவை. முதலாவது, தாக்கப்பட்ட ‘ஓப்பன்எஸ்எஸ்எச்’ அந்தச் சுருக்க நிரலகத்தைச் சார்ந்ததே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற வெளியீடுகள், தொடங்கிவிட்டேன் என்று ‘சிஸ்டம்டி’க்கு அறிவிக்கும் ஒரு சிறு வசதிக்காகச் சேர்த்த ஒட்டு, வேறொரு நிரலகத்தை இழுத்தது, அது எக்ஸ்இசட்டை இழுத்தது. ஒரு சிற்றறிவிப்புக்காகத் திறந்த கதவு வழியே பெருங்கேடு உள்ளே வந்தது. இரண்டாவது, அதே மூலநிரலின் சிமேக் கோப்பில், ‘லேண்ட்லாக்’ என்ற பாதுகாப்பு வசதி உள்ளதா என்று சோதிக்கும் சிறு துண்டில் ஒற்றை முற்றுப்புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. அப்புள்ளியால் துண்டு எந்தக் கணினியிலும் தொகுக்கப்படாது. தொகுக்கப்படாவிட்டால் ‘வசதி இல்லை’ என்று கட்டும் கருவி முடிவு செய்யும். பாதுகாப்பு சத்தமின்றி அணைந்துபோகும். கட்டுவோர் ‘இவ்வசதி கட்டாயம் வேண்டும்’ என்று சொல்லி, அது கிடைக்காதபோது கட்டுமானம் நிற்கும் வகையில் அமைந்திருந்தால், அந்தப் புள்ளி முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

முன்னிருப்பை நம்புவதிலும் பொறி உண்டு. மேவனில் ஒரு தனிவடிவத்தை ‘முன்னிருப்பாக இயங்கு’ என்று குறித்துவைக்கலாம். ஆனால் அதே கோப்பிலுள்ள வேறொரு தனிவடிவத்தைக் கட்டளை வரியில் அழைத்த கணமே முன்னிருப்பு வடிவம் அணைந்துவிடும். கூடுதலாக ஒன்றைக் கேட்டவர் ஏற்கெனவே இருந்ததை இழப்பார். ஆவணத்தில் எழுதப்பட்ட நடத்தைதான். ஆயினும் ஆவணத்தைப் படிக்குமுன் கட்டளையை இடுவதே உலக வழக்கம்.

மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவன நான்கு.

கம்பி வந்துவிட்டதே என்பது முதல் மறுப்பு. வந்தது நன்று. ஆனால் கம்பி தொட்ட இடங்கள் எட்டு. கடற்கரையில் கம்பி ஏறுவதும் காட்டோர ஊரின் வீட்டுக்குள் இணைப்பு வருவதும் ஒன்றல்ல. கடலடிக் கம்பி அறுபடக்கூடியது. அறுபட்டால் சரிசெய்யக் கப்பல் வர வேண்டும். மேலும் சிக்கல் அந்தமானோடு முடிவதில்லை. கைப்பேசித் தரவை அளந்து செலவிடும் விடுதி மாணவரும், மலையூர்க் கல்லூரி ஆசிரியரும், பழைய கணினிகளோடு இயங்கும் அரசுக் கல்லூரி ஆய்வகமும் இதே நிலையில்தான் உள்ளனர். தீவு எல்லாருடைய குறையையும் தெளிவாகக் காட்டும் இடம், அவ்வளவே.

சாவிகள் பெருகினால் சோதிக்க முடியாது என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. பத்துச் சாவிகள் இருந்தால் 1,024 சேர்க்கைகள். அனைத்தையும் எவரும் சோதிக்கப்போவதில்லை. அதற்கு விடை சாவியே வேண்டாம் என்பதன்று. சாவிகள் குறைவாக இருக்க வேண்டும். ஒன்றைத் திறப்பது மற்றொன்றைக் குலைக்காதவாறு, சேர்ப்பதாக மட்டும் அமைய வேண்டும். கார்கோ தன் பயனர்களிடம் வற்புறுத்தும் நெறி இதுவே. எல்லாம் மூடிய நிலையும் எல்லாம் திறந்த நிலையும் தவறாமல் சோதிக்கப்பட வேண்டும். ஆயிரக்கணக்கான சாவிகளைக் கொண்ட லினக்ஸ் கருவகமே ‘அனைத்தும் இல்லை’, ‘அனைத்தும் உண்டு’, ‘தற்போக்கு’ என்ற நிலைகளில் கட்டிப் பார்க்க வழி வைத்திருக்கிறது. ஐந்து சாவி கொண்ட ஆய்வு மென்பொருளுக்கு அது சுமை என்று சொல்வது பொருந்தாது. தானியங்கு நிலையிலும் அதே 1,024 சேர்க்கைகள் உள்ளன என்பதையும் மறக்கக்கூடாது. அவை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளன என்பதே வேறுபாடு.

டாக்கர் கலனில் அடைத்துக் கொடுத்தால் போதுமே என்பது மூன்றாவது. கலன் பயனுள்ளதுதான். ஆனால் பயனருக்கு வேண்டாத சார்புகளைக் குறைக்காமல் அனைத்தையும் மூட்டையாகக் கட்டி அனுப்புவது மூட்டையின் எடையைக் குறைக்காது. ஆழ்கற்றல் கருவிகளின் கலன்கள் பல ஜிகாபைட் எடையுள்ளவை. பெட்டி அழகாக இருப்பதால் சுமை இலேசாகிவிடாது.

ஆளுக்கொரு வகையில் கட்டினால் ஆய்வு முடிவை மீட்டுருவாக்க முடியாது என்பது நான்காவது. நான்கிலும் கனமானது இதுவே. ஆனால் இது எதிர்த்தரப்பின் மீதே திரும்பும். ஒரு கணித நிரலகத்துக்குப் பதில் வேறொன்று இணைந்தால் கூட்டும் வரிசை மாறி, பதின்மப் புள்ளியின் கடை இலக்கங்கள் மாறக்கூடும் என்பது உண்மை. அதனால்தான் எது இணைந்தது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டளை வரியில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட தெரிவு ஒரு பதிவு; ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்ளலாம், இன்னொருவர் மீண்டும் இடலாம். கணினியைத் துழாவி எடுத்த முடிவுக்கு அத்தகைய பதிவு இல்லை. ‘எஃப்எஃப்எம்பெக்’ ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தான் எந்தக் கட்டளை வரியால் கட்டப்பட்டது என்பதை முழுமையாக அச்சிடுகிறது. ‘ஆர்’ மொழி 3.4.0 பதிப்பு முதல் தன் அமர்வுத் தகவலில் எந்தக் கணித நிரலகத்தோடு இணைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. முன்மாதிரிகள் கண்முன்னே உள்ளன.

எஃப்எஃப்எம்பெக் இன்னொரு பாடமும் தருகிறது. அதன் கட்டளை வரியில் ‘ஜிபிஎல்’ சாவியைத் திறந்தால் கிடைக்கும் நிரலின் உரிமம் மாறுகிறது; ‘நான்ஃப்ரீ’ சாவியைத் திறந்தால் அந்நிரலைப் பிறருக்குப் பகிரும் உரிமையே இல்லாமற்போகிறது. அதாவது ஒரு சார்பைத் தெரிவு செய்வது சட்டப்படியான செயலும்கூட. பல்கலைக்கழகம் ஒன்று தான் கட்டிய நிரலை மாணவருக்கு வட்டில் பதிந்து தரலாமா, கூடாதா என்பது அந்த ஒற்றைச் சொல்லில் தங்கியிருக்கிறது. இதைத் ‘தானாகப் பார்த்துக்கொள்’ என்று கருவியிடம் விட முடியாது என்பதை அதன் ஆசிரியர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

யாருடைய குரல், யாருடைய கணினி

அந்தமானை முன்னிறுத்துவதற்கு வேகக்குறைவு மட்டும் காரணமன்று. 2010 ஜனவரி 26 அன்று போவா மூதாட்டி காலமானபோது ‘போ’ மொழியைப் பேச எவரும் மிஞ்சவில்லை. அவர் குரலின் பதிவுகள் எஞ்சியுள்ளன. 2012இல் வெளிவந்த ஆங்கிலம்–பெரிய அந்தமானீஸ்–இந்தி அகராதி அத்தகைய பதிவுகளின் மீது எழுந்தது. ஜாரவா, ஓங்கே, ஷோம்பென் மக்களின் வாழிடங்கள் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் வருபவை. அனுமதியின்றி அங்கே நுழைய இயலாது. நிலத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்றால் குரலுக்குள் நுழையவும் வேண்டும். பழங்குடித் தரவு குறித்து 2019இல் உலக அளவில் முன்வைக்கப்பட்ட ‘கேர்’ நெறிகள் தரவின் மீதான அதிகாரம் அம்மக்களுக்கே உரியது என்கின்றன.

இந்த நெறியை அறக்குழுவின் படிவத்தில் ஒப்பமிட்டு முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒப்பமிட்டவரின் கணினியில் இயங்கும் மென்பொருள் இணையத்தோடு பேசும் நிரலகத்தைக் கேளாமலேயே உள்ளிழுத்துக் கட்டப்பட்டிருந்தால், அந்த ஒப்பத்துக்கு என்ன பொருள்? பிணைய நிரலகம் இல்லாமல் கட்டப்பட்ட நிரல் எல்லாக் கசிவையும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்நிரல் தானாக எதையும் வெளியே அனுப்பாது என்று சொல்ல அது வலுவான அடிப்படை. ‘கர்ல் இல்லாமல் கட்டு’ என்ற ஒரு சொல், இத்தகைய தரவைப் பொறுத்தவரை, தொழில்நுட்ப விருப்பம் என்பதைக் கடந்து ஆய்வறத்தின் பகுதியாகிவிடுகிறது. அச்சொல்லை இட இடமே தராத மென்பொருள், ஆய்வாளரின் வாக்குறுதியை அவருக்குத் தெரியாமலே முறிக்கும் வாய்ப்பைத் திறந்துவைக்கிறது.

வேண்டுவது என்ன

ஆய்வு மென்பொருள் எழுதும் ஒவ்வொரு துறையும், அதற்கு நிதி தரும் ஒவ்வொரு நிறுவனமும், அதைப் பயன்படுத்திய ஆய்வேட்டை மதிப்பிடும் ஒவ்வொரு தேர்வாளரும் வற்புறுத்த வேண்டியவை ஐந்து.

1. மைய வேலைக்கு இன்றியமையாத சார்புகள் மட்டுமே கட்டாயப் பட்டியலில் இருக்க வேண்டும். மற்றவை முன்னிருப்பில் மூடியிருக்க, கட்டளை வரியில் கேட்போருக்குத் திறக்க வேண்டும்.

2. கேட்ட சார்பு கிடைக்காவிட்டால் கட்டுமானம் தெளிவான செய்தியுடன் நிற்க வேண்டும். கேளாத சார்பு கணினியில் இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. தானியங்கு நிலை முன்னிருப்பாக இருக்கக்கூடாது.

3. பதிவிறக்கம் தனிப்படி, கட்டுதல் தனிப்படி. வேகமான இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, வட்டிலோ விரலியிலோ எடுத்துச் சென்று, இணையமே இல்லாத இடத்தில் கட்ட முடிய வேண்டும். டெபியன் தன் முதன்மைக் களஞ்சியத்துப் பொதிகள் கட்டப்படும்போது பிணையத்தை நாடக்கூடாது என்று விதித்திருக்கிறது. பைத்தானின் ‘பிப்’ பொதிகளை முன்கூட்டி இறக்கிவைத்து, களஞ்சியத்தை நாடாமல் நிறுவ இடம் தருகிறது. கார்கோவும் சார்புகளைத் திட்டத்துக்குள்ளேயே சேமித்துவைக்க இடம் தருகிறது. எவராலும் செய்ய இயலாததை இங்கே யாரும் கேட்கவில்லை.

4. கட்டப்பட்ட நிரல் தன்னுள் எந்தச் சார்புகள் உள்ளன என்பதைக் கேட்டவுடன் சொல்ல வேண்டும். அந்த விடை ஆய்வேட்டின் முறையியல் இயலில் இடம்பெற வேண்டும். பதிப்பு எண் மட்டும் போதாது.

5. சாவிகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் எதைச் சேர்க்கிறது, எவ்வளவு இடம் கொள்கிறது என்பதும் மென்பொருளின் முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும். தமிழருக்காக எழுதப்படும் கருவியாயின் தமிழிலும் இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சில நாள் உழைப்பு போதும். கடலின் அடியில் 2,300 கிலோமீட்டர் கம்பி இழுக்க ஒரு நாடு 1,224 கோடி ரூபாய் செலவிட்டது. அந்தக் கம்பியின் வழியே என்ன அனுப்பப்படுகிறது என்பதைச் சிந்திக்க ஆய்வுலகம் செலவிட வேண்டியது சில வரிகள்தாம். இல்லாத செயலிக்காக இரண்டு ஜிகாபைட்டை அதே கம்பியில் ஏற்றியனுப்பிவிட்டு, தீவு மாணவர் பின்தங்கியிருக்கிறார் என்று அறிக்கை எழுதும் பழக்கம் இனியாவது நிற்கட்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மொழியியல், கணினித் தமிழ்த் துறைகள் அடுத்து வெளியிடும் கருவியை, வெளியிடுமுன் ஒருமுறை பிணையத்தைத் துண்டித்துவிட்டுக் கட்டிப் பார்க்கட்டும். கட்ட முடியாவிட்டால் அந்தக் கருவி இன்னும் வெளியீட்டுக்கு ஆயத்தமாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.